அட்டையை உயிரோடு அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலடி மண்ணில் கிடக்கும் உயிரான கடல் அட்டை பறிமுதல் என்று உங்கள் நாளிதழில் மாதத்துக்கு ஒரு முறையாவது செய்தி வந்துவிடுகிறது. போன வாரமும் வந்தது. இத்தனை கிலோ, வெளிநாட்டுச் சந்தையில் இத்தனை லட்சம், படகில் வந்தவர்கள் தப்பி ஓட்டம். நான் செய்தியை வாசிப்பதற்கு முன்னால் படத்தைத்தான் பார்த்தேன். தார்ப்பாயில் காய்ந்த அட்டையைப் பரப்பி, பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்கும் வழக்கமான படம். பேரனின் கைபேசியில் அதைப் பெரிதாக்கியும் பார்த்தேன். அங்கே கிடந்ததில் ஒன்றுகூட, ஓர் அதிகாரியின் சட்டைப் பையில் சொருகியிருந்த பேனாவின் மூடியைவிடப் பெரிதாக இல்லை. அவித்துக் காயவைத்தால் அட்டை பாதிக்கும் கீழே சுருங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைக் கூட்டிக்கொண்டு கணக்குப் போட்டாலும், உயிரோடு இருந்தபோது அவை ஒரு சாணை எட்டியிருக்காது. எல்லாமே குட்டி.

அந்தச் செய்தியை ஒட்டி இரண்டு வாசகர்களின் கடிதங்களையும் வெளியிட்டிருந்தீர்கள். ஒருவர் அட்டை எடுக்கக் கூடாது என்று 2001இலிருந்து இருக்கும் தடையை அடியோடு நீக்கச் சொல்கிறார், மீனவர் பிழைப்பு என்கிறார். இன்னொருவர் தண்டனையைக் கூட்டச் சொல்கிறார். இரண்டு பேருமே அட்டையைத் தண்ணீருக்குள் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. நான் பார்த்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 1960இல் பிறந்தவன். பெரியபட்டினம் வட்டாரம். பதினாறு வயதில் வாப்பாவோடு சங்கு குளிக்க இறங்கினேன். கண்ணாடி, காலில் கட்டிக்கொள்ள அலுமினியத் தட்டு, இடுப்பில் வலைப்பை. இவ்வளவுதான் எங்கள் சாமான். நாலு பாகம், ஐந்து பாகம் (ஒரு பாகம் ஆறடி) தண்ணீருக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்வருவோம். முள்ளித் தீவு, வாழைத் தீவு, தலையாரித் தீவு, கொஞ்சம் மேற்கே போனால் அப்பா தீவு. அந்தப் பக்கத்து அடி மண் எங்கே கட்டி, எங்கே பொதபொதவென்று இருக்கும் என்பது இன்றும் கால் நினைவில் இருக்கிறது. ஒரு நாள் அவசரமாக இறங்கியதில் இடது காது போய்விட்டது. அந்தப் பக்கம் நின்று பேசினால் எனக்குக் கேட்காது. வீட்டில் சில நேரம் அது வசதியாகவும் இருக்கிறது.

சங்குக்குப் போன இடத்தில்தான் அட்டையும் எடுத்தோம். பார்த்தால் வெள்ளரிக்காய் மண்ணில் கிடப்பதுபோல இருக்கும். நல்ல விலை வெள்ளை அட்டைக்குத்தான். ராஜ அட்டை, குச்சி அட்டை, நூல் அட்டை என்று வேறு சாதிகளும் உண்டு. நூல் அட்டையைச் சீண்டினால் பின்புறத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக நூலைக் கக்கும். அது கையில் பட்டால் கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும், மணலைப் போட்டுத் தேய்த்தால் மயிரோடுதான் வரும். வெள்ளை அட்டை சாது. வெயில் ஏறியதும் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும், பொழுது சாயும் நேரத்தில் வெளியே வரும். மண்ணைத் தின்று, அதில் இருக்கும் அழுகலை எடுத்துக்கொண்டு, மண்ணையே கயிறு திரித்ததுபோலக் கழித்துவிட்டுப் போகும். அந்தக் கயிறைப் பார்த்துத்தான் நாங்கள் அட்டை புதைந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்போம். வயலுக்கு மண்புழு செய்கிற வேலையைக் கடலுக்கு இது செய்கிறது என்று மண்டபம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். எங்களுக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. பை நிறைகிறதா என்பது ஒன்றுதான் கணக்கு.

ஒரு காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாழ்நாளில் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பேன். சாயங்கால நேரம், தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் கிடந்த வெள்ளை அட்டைகள் முன்பாதியைத் தூக்கிக்கொண்டு நட்டுவைத்த கட்டைபோல நின்றன. நின்று மெதுவாக இப்படியும் அப்படியும் ஆடின. ஒன்றிலிருந்து மெல்லிய புகை மாதிரி வந்தது. என்னோடு முங்கிய காக்கா ஒருவர் (மூத்தவரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) மேலே வந்ததும், "தொடாதே, அது குஞ்சு விடுகிற நேரம்" என்றார். அன்றைக்கு நாங்கள் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்துவிட்டோம், அதையும் மறைப்பானேன்.

ஆணும் பெண்ணும் கூடுவதெல்லாம் அட்டைக்குக் கிடையாது. ஆண் தன்னுடையதைத் தண்ணீரில் விடும், பெண் லட்சக்கணக்கில் முட்டையைத் தண்ணீரில் விடும். இரண்டும் தண்ணீருக்குள்ளேயே சேர வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால்தான் சேரும். இங்கொன்று, அரை மைலுக்கு அப்பால் ஒன்று என்று கிடந்தால் விட்டதெல்லாம் நீரோட்டத்தோடு போயிற்று. ஆகவே ஒரு பகுதியில் அட்டை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்பது போதாது. எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, அதில் வயதுக்கு வந்தது எத்தனை என்று கேட்க வேண்டும். வெள்ளை அட்டை வயதுக்கு வர ஒன்றரை ஆண்டு ஆகும். நீளம் இருபது சென்டிமீட்டர் அளவுக்கு வந்திருக்கும். நம் கையால் ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம், சாண் அதைவிடக் கொஞ்சம் கூடத்தான்.

இனி அட்டை சிறுத்த கதை. நான் தொழிலுக்குப் போன புதிதில், காய்ந்த சரக்கு ஒரு கிலோ நிறுத்தால் முப்பது, முப்பத்தைந்து அட்டை நிற்கும். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பிறந்த சமயத்தில் அதே கிலோவுக்கு அறுபது வேண்டியிருந்தது. 2000 வாக்கில் நூறைத் தாண்டிவிட்டது. இது எந்த அலுவலகத்தின் புள்ளிவிவரமும் இல்லை, தராசுத் தட்டில் என் கையால் எண்ணிப் போட்டது. பச்சையாக ஒரு கிலோ எடுத்தால் காய்ந்த பிறகு ஐம்பது, அறுபது கிராம்தான் தேறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஒரு கிலோவுக்காக எத்தனை குட்டியைக் கரையேற்றியிருக்கிறோம்!

பதப்படுத்துகிற வேலையும் லேசில்லை. வாயைக் கீறிக் குடலைப் பிதுக்கி எடுத்து, அண்டாவில் ஒரு மணி நேரம் அவித்து, ஈர மணலில் ஓர் இரவு புதைத்து வைப்போம். மேல் தோலில் சுண்ணாம்பு இருக்கும், அது அழுகிக் கழன்றுவிடும். காலையில் எடுத்துக் கூடையில் போட்டுக் கடல் தண்ணீரில் மிதித்துக் கழுவி, மறுபடியும் அவித்து, வெயிலில் காயவைக்க வேண்டும். அந்த வாடை சட்டையை விட்டுப் போக நாளாகும். இவ்வளவும் செய்து, நம் ஊரில் ஒருவர்கூட அதை வாயில் வைத்ததில்லை. முழுக்க முழுக்கச் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போனது.

இப்போது விதிகளுக்கு வருகிறேன். 1982இல் அரசாங்கம் முதல் விதியைப் போட்டது. காய்ந்த அட்டை மூன்று அங்குலத்துக்குக் கீழே இருந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வியாபாரி ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து வைத்திருந்தார். ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே மூன்று அங்குலம். அதற்குள் அடங்கிவிட்டால் அந்த அட்டை "கழிவு". கழிவுக்கு அரை விலை. யாரும் அதைக் கடலில் திருப்பி விடவில்லை. எப்படி விடுவது? அது செத்து, அவிந்து, காய்ந்து மூன்று நாள் ஆகியிருக்கும். கழிவுக் குவியல் ஓரமாக வளரும். பெரிய சரக்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அதுவும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். சின்னதை எடுக்கக் கூடாது என்று அந்த விதி எங்களிடம் சொல்லவில்லை. சின்னதுக்கு விலை குறைவு என்றுதான் சொன்னது. விலை குறைந்தால் நாங்கள் என்ன செய்வோம், எண்ணிக்கையைக் கூட்டினோம்.

அதே காலத்தில் அதே கடலில் சங்குக்கு வேறு விதி இருந்தது. கரைக்கு வந்ததும் சங்கைக் கொட்டுவோம். துளை போட்ட அளவுப் பலகை ஒன்று இருக்கும். இரண்டே கால் அங்குலம். துளைக்குள் நுழைந்து விழுந்துவிட்டால் அது குட்டி, அதற்குக் காசு கிடையாது. உயிரோடு இருக்கும்போதே தனிக் கூடையில் போட்டுத் திரும்பவும் கடலில் கொண்டுபோய் விட வேண்டும். அன்றைக்கு அந்தப் பலகையை நாங்கள் ஏசாத நாள் இல்லை. பத்துச் சங்கு கொண்டுவந்தால் மூன்று விழுந்துவிடும். மூச்சு முட்டி எடுத்ததை இன்னொருவன் கூடையில் வீசுவதைப் பார்க்க வயிறு எரியும். ஆனால் ஒரு மாதத்தில் எங்களுக்கே கண் பழகிவிட்டது. கடலுக்கு அடியிலேயே பார்த்து, இது விழும், இது நிற்கும் என்று தெரிந்து, விழுவதை விட்டுவிட்டு வந்தோம். வீண் மூச்சு எதற்கு? வங்காளத்து வளையலுக்குப் போகும் சங்கு ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் எங்கள் பக்கம் கிடைக்கிறது என்றால் அந்தப் பலகைக்கும் அதில் பங்கு உண்டு.

சங்குக்கு ஓடு இருக்கிறது, அட்டைக்கு இல்லை, உயிரோடு எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொட்டால் அட்டை சுருங்கும், கையில் எடுத்தால் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் பாதியாகும். படகில் கொண்டுவந்து ஸ்கேல் வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நீளம் காட்டும். எடை போட்டாலும் இதே வம்புதான், வயிற்றில் எவ்வளவு மண், எவ்வளவு தண்ணீர் என்று யார் கண்டது. அதற்குக் குளியாளியிடம் ஒரு வழி இருக்கிறது. தொடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். அட்டை சும்மா நீட்டிக்கொண்டு கிடக்கும்போது, மணலில் அதன் பக்கத்தில் கையை விரித்துச் சாண் வைத்துப் பார்க்க ஒரு நொடி ஆகாது. சாணைத் தாண்டினால் எடு. இல்லாவிட்டால் கையை இழுத்துக்கொண்டு மேலே வா. நான் சொல்வது கற்பனை இல்லை. 1990களில் எங்கள் படகில் ஒரு சீசன் முழுக்க இப்படிச் செய்தோம். காக்காதான் சொன்னார், குட்டிக்கு அரை விலைதானே, பையில் இடத்தை ஏன் அடைக்கிறாய் என்று. அடுத்த சீசனில் பக்கத்துப் படகுகள் நாங்கள் விட்டுவைத்த இடத்திலேயே வந்து வழித்துக்கொண்டு போயின. அத்தோடு எங்கள் சாணும் முடிந்தது. ஒரு படகு மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை.

என் தங்கை மகன் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அங்கே மான் வேட்டை சட்டப்படி நடக்கிறதாம். லைசென்ஸ் எடுக்க வேண்டும், சீசன் உண்டு, ஆளுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. இங்கே மானைத் தொட்டால் ஜெயில், அங்கே சீசனில் துப்பாக்கியோடு கிளம்புகிறார்கள் என்று அவன் முதலில் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. அங்கேயும் வேட்டைக்காரர்களுக்குள் ஓயாத சண்டையாம். முன்னே மாதிரி பெரிய கொம்பு மான் கிடைப்பதில்லை, விதி போட்டவர்களுக்குக் காட்டைத் தெரியாது என்று ஒரு கூட்டம். விதி இல்லாவிட்டால் கொம்பு முளைத்த கன்றையெல்லாம் சுட்டுவிடுவீர்கள் என்று ஒரு கூட்டம். 2002இல் அங்கே ஒரு விதி கொண்டுவந்தார்கள். மாநிலத்தின் பெரும்பகுதியில், கிடா மானின் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று கிளை இருந்தால்தான் சுடலாம். அதாவது விசையை அழுத்துவதற்கு முன்னால் எண்ண வேண்டும். சுட்டுவிட்டு வந்து எண்ணிப் பயனில்லை. இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் சங்குப் பலகைதான் நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் சொன்னான். அந்த நாட்டில் 1937இல் போட்ட ஒரு சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்குகிற வரி காட்டு விலங்குகளைக் காக்கும் வேலைக்கே போகிறதாம். நம்மிடம் அட்டையில் புரண்ட பணத்தில் அட்டைக்கென்று ஒரு பைசா போனதா?

மான் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்திலும் சாயல்குடி, கமுதி பக்கத்துக் கருவேலங்காடுகளில் புள்ளிமான் உண்டு. 2001 ஜூலையில் கடல் அட்டை அத்தனையையும் வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கிற பட்டியல். அப்போது புள்ளிமான் மூன்றாம் பட்டியலில் இருந்தது. அதாவது சட்டத்தின் கண்ணுக்கு, கருவேலங்காட்டில் மானைச் சுட்டவனைவிட, நண்டு வலையில் ஏறிய அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போனவன் பெரிய வேட்டைக்காரன். முதல் பட்டியல் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்தில் பட்டியல்களை மாற்றி அடுக்கினார்கள், அப்போதும் அட்டைக்கு விடுதலை வரவில்லை.

அதே 2001 ஜூலை ஆணையில் சுறா, திருக்கை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தடை செய்தார்கள். நாடு முழுக்க மீனவர்கள் எழுந்து நின்றார்கள். டிசம்பரிலேயே அதைப் பத்து இனங்களாகச் சுருக்கிவிட்டார்கள். அழிகிற நிலையில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டார்கள், சரியான முடிவு. சுறாவுக்கு ஐந்து மாதத்தில் நடந்தது அட்டைக்கு இருபது ஆண்டு தாண்டியும் நடக்கவில்லை. அட்டை எடுத்தவர்கள் மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரையில் கொஞ்சம் பேர். எங்கள் குரல் அவ்வளவுதான் எட்டும்.

தடை வந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். இதனால்தான் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கிறேன். 2001 கடைசியில் இரண்டு இரவு போனேன். பகலில் போகப் பயம். இரவில் டார்ச் அடித்தால் வெள்ளை அட்டை மண்ணை விட்டு வெளியே வந்து படுத்திருக்கும், பகலைவிட எளிதாகக் கண்ணில் படும். ஆனால் நிதானமாகச் சாண் வைத்துப் பார்க்க நேரம் எங்கே? தூரத்தில் ஏதாவது படகுச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கைக்குப் பட்டதையெல்லாம் அள்ளிப் பையில் போட்டேன். கரையில் வந்து கொட்டியபோது பாதிக்கு மேல் விரல் நீளம். அந்த வயதில் எனக்கும் விரல் நீளப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் இரவு போகவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன், பயந்துவிட்டேன்.

உங்கள் படத்தில் பேனா மூடி அளவு அட்டையைப் பார்த்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. இரவில் திருடுகிறவன் அளவு பார்க்க மாட்டான். தடை இருப்பதால் அட்டை எடுப்பது நிற்கவில்லை, பகலில் நடந்தது இரவுக்குப் போயிற்று. எடுத்ததை அவிப்பது ஆள் போகாத பனங்காட்டில். சரக்கு அக்கரைக்குப் போய்விடுகிறது. இலங்கையில் உரிமம் வாங்கி அட்டை எடுக்கலாம், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வேலி அடைத்து வளர்க்கிறார்கள். இந்தக் கரையில் குற்றம், முப்பது கிலோமீட்டர் கடந்தால் ஏற்றுமதிச் சரக்கு.

மாட்டிக்கொள்கிறவர்கள் யார் என்றும் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண், புருஷன் கொண்டுவந்த நண்டு வலையைக் கரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். வலையில் ஏழு அட்டை ஏறியிருந்தது. அதைத் தனியாக ஒரு வாளியில் எடுத்து வைத்தார், அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. வழக்கு ஆயிற்று. புருஷனும் பெண்ணும் வாய்தா வாய்தாவாகப் பஸ் ஏறிய செலவில் இரண்டு வலை வாங்கியிருக்கலாம். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று நான் எழுதப் போவதில்லை. அவர்கள் சட்டத்தில் உள்ளதைத்தான் செய்தார்கள். வலையில் ஏறியதைக் கடலிலேயே திருப்பி விட்டால் கேள்வி இல்லை, கரைக்குக் கொண்டுவந்தால் எச்சரிக்கை, விற்றால்தான் வழக்கு என்று படிப்படியாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இப்போது அட்டை ஏறியதைப் பார்த்தாலே வலையை அப்படியே அறுத்துக் கடலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வலை அடியில் கிடந்து இன்னும் எதையெல்லாம் கொல்லும்?

அதற்காகத் தடையை நாளைக்கே எடுங்கள் என்று கேட்கும் நம் ஆட்களோடு நான் சேர முடியாது. மச்சான் முறைக்காரர்கள் இரண்டு பேர் இதற்காக என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். நாளைக்கு எடுத்தால் நாளை மறுநாள் என்ன நடக்கும்? கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்காக அடியில் நடப்பவர்கள் இறங்குவார்கள். விசைப்படகு இழுவை மடியில் சங்கிலியைக் கட்டி அடி மண்ணைச் சுரண்டும். மூச்சைப் பிடித்து முங்குகிற எங்களுக்கு ஒரு மாதம் காசு வரும், அப்புறம் அங்கே பார்க்க மண்தான் இருக்கும். முன்பு நாற்பது ஆண்டில் செய்ததை இந்த முறை ஒரே சீசனில் செய்து முடித்துவிடுவார்கள்.

முழுத் தடையே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. ஆவுளியாவை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கடல்பசு என்று எழுதுவது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் கரையில் அதன் இறைச்சி கூறு போட்டு விற்றதைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தடை வேண்டும், இன்னும் கடுமையாகவே வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்று போடும். அடுத்த கன்றுக்கு இன்னும் பல வருஷம் ஆகும். அதில் எத்தனை எடுக்கலாம் என்ற கணக்கே கிடையாது. அட்டை அப்படி இல்லை. இரண்டுக்கும் ஒரே விதியை எழுதியவர் இரண்டையுமே தண்ணீரில் பார்த்திருக்க மாட்டார்.

நான் கேட்பது என்னவென்றால், முதலில் எண்ணுங்கள். தேசியப் பூங்கா என்று 1986இல் அறிவித்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலை அப்படியே விட்டுவிடுங்கள், அது தாய் நிலமாக இருக்கட்டும். அதற்கு வெளியே தென்கடலான மன்னார் வளைகுடாவில் ஓரிடம், வடகடலான பாக் நீரிணையில் ஓரிடம் என்று எடுத்துக்கொண்டு, அங்கே வெள்ளை அட்டை எத்தனை, அதில் சாணுக்கு மேலே எத்தனை என்று மூன்று, நான்கு வருஷம் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு வெளியூர்ப் பிள்ளைகளோடு எங்கள் குளியாளிகளையும் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள், மண் கயிறைப் பார்த்து அட்டையைக் கண்டுபிடிக்க எங்களுக்குத்தான் தெரியும். எண்ணிக்கை தேறினால், அந்த இடத்தில் மட்டும், பெயர் பதிந்த ஆட்கள் மட்டும், மூச்சுப் பிடித்து மட்டும், பகலில் மட்டும் எடுக்க விடலாம். சாணுக்குக் கீழே கூடாது. மார்ச் முதல் மே வரையும், நவம்பர், டிசம்பரிலும் கூடாது, வெள்ளை அட்டை முட்டை விடுகிற காலம் அது. அப்படிப் பார்த்தால் அக்டோபரில் தொடங்கும் எங்கள் தென்கடல் சீசனில் பாதி போய்விடும். போகட்டும். எண்ணிக்கை தேறாவிட்டால் திறக்கவே வேண்டாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது தூத்துக்குடியில் நம் கண் முன்னாலேயே நடந்தது. 1988இல் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டை விட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். நம் நாட்டில் அதுதான் முதல் தடவை. அந்தக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வளர்த்திருந்தால் இன்று நிலைமையே வேறு. குஞ்சு எடுக்கும் வித்தை நமக்கு 1988லேயே கைவந்துவிட்டது. வளர்த்துக் காசு பார்ப்பது அக்கரையில் நடக்கிறது. இதை நினைத்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும். அட்டை எடுத்துச் சீரழித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்தக் கோபத்தையும் முழுசாகப் பட முடியவில்லை.

உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள், ஆசிரியர் ஐயா. அடுத்த மாதமும் இப்படி ஒரு பறிமுதல் செய்தி வரத்தான் போகிறது. அப்போது உங்கள் நிருபரிடம் சொல்லி, அந்தத் தார்ப்பாயில் கிடக்கும் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேல் கிடைக்காவிட்டால் கையை விரித்து வைத்தாலும் போதும். எத்தனை கிலோ, எத்தனை லட்சம் என்பதோடு, எத்தனை உருப்படி, என்ன நீளம் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சங்கு குளியாளி,
பெரியபட்டினம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வெளியிட வேண்டாம்.)